நிறுத்தங்களின் வரலாறும் ஓட்டத்தின் வரலாறும்: சைபீரியப் பெருவழி இருப்புப்பாதையின் சொகுசுத் தொடர்வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாஸ்கோவையும் பசிபிக் கடற்கரையிலுள்ள விளாதிவஸ்தோக்கையும் இணைக்கும் சைபீரியப் பெருவழி இருப்புப்பாதை உலகின் மிக நீளமான தொடர்வண்டிப் பாதையாகும். அதில் சொகுசு வண்டிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிமுகமாயின. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஓடத் தொடங்கின. இவ்விரு காலத்து வண்டிகளும் தம் பயணிகளுக்கு ரஷ்யாவின் வரலாற்றுச் சிறப்புமிக்க நகரங்களைக் காட்டுவதாக உறுதியளித்தன. அந்நகரங்கள் எவ்வாறு தேர்வு பெற்றன, எவை விடுபட்டன, அதே தண்டவாளத்தில் சென்ற பிற பயணிகளின் வரலாறு ஏன் அப்பயணத் திட்டத்தில் இடம்பெறுவது கடினமாகிறது ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சொகுசுப் பயணம் காட்டுவது நிறுத்தங்களின் வரலாறு. இருப்புப்பாதை உண்மையில் உருவாக்கியதோ ஓட்டத்தின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சைபீரியப் பெருவழி இருப்புப்பாதை, சொகுசுத் தொடர்வண்டி, பாரிஸ் பொருட்காட்சி, தோம்ஸ்க், தொபோல்ஸ்க், குடிபெயர்வு, நகர வரலாறு.

முன்னுரை

பயண வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பயணியின் குறிப்புகளையே முதன்மைச் சான்றாகக் கொள்வர். பயணி எதைக் கண்டார், எதை வியந்தார், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பனவே அவ்வாய்வுகளின் மையமாக அமைகின்றன. ஆனால் தொடர்வண்டிப் பயணத்தில் பயணி காண்பதைப் பயணியே தீர்மானிப்பதில்லை. பாதையை அளந்த பொறியாளரும், கால அட்டவணையை வகுத்த அலுவலரும், வண்டி எங்கே நிற்கும் என்று முடிவுசெய்த நிறுவனமும் அவருக்கு முன்பே அதனைத் தீர்மானித்துவிடுகின்றனர். ஆகவே, பயணத்திட்டமே ஒரு வரலாற்றுச் சான்றாகப் படிக்கத்தக்கது. இந்நோக்கில் சைபீரியப் பெருவழிப் பாதை நல்லதோர் ஆய்வுக்களமாக அமைகிறது. இக்கட்டுரையில் நாள்கள் அனைத்தும் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிப்படி தரப்பட்டுள்ளன.

பாதையின் தோற்றம்

சைபீரியாவின் ஊடே இருப்புப்பாதை அமைக்கும் முடிவு பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரின் ஆட்சியில் 1891ஆம் ஆண்டு முறையாக அறிவிக்கப்பட்டது. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த நிக்கொலாஸ் இந்தியா, இலங்கை, ஜப்பான் உள்ளிட்ட கீழை நாடுகளில் நெடும்பயணம் மேற்கொண்டிருந்தார். ஜப்பானின் ஒட்சு நகரில் 1891 மே 11ஆம் நாள் அவர்மீது கொலைமுயற்சி நிகழ்ந்தது. அதிலிருந்து தப்பிய அவர் விளாதிவஸ்தோக் வந்தடைந்து, மே 31ஆம் நாள் பாதையின் கிழக்கு முனைக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர்ப் பணிகளை மேற்பார்வையிட அமைக்கப்பட்ட சைபீரிய இருப்புப்பாதைக் குழுவின் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார். 1892இல் நிதியமைச்சரான செர்கேய் வித்தே இத்திட்டத்தின் உந்துவிசையாக விளங்கினார்.

பாதையின் நோக்கம் ஒன்றன்று. பசிபிக் கரையில் படைவலிமையை நிலைநிறுத்துதல், ஐரோப்பிய ரஷ்யாவில் நிலமின்றித் தவித்த உழவர்களைக் கிழக்கே குடியேற்றுதல், ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் இடையிலான வணிகத்தைக் கைப்பற்றுதல் ஆகிய மூன்றும் அதில் பின்னியிருந்தன. சொகுசு வண்டி இம்மூன்றாம் நோக்கத்தின் முகமாக அமைந்தது. சூயஸ் வழியாகக் கப்பலில் கீழையாசியாவை அடைய ஐந்தாறு வாரங்கள் தேவைப்பட்ட காலத்தில், இருப்புப்பாதை அதனை ஏறக்குறைய இரண்டு வாரங்களாகக் குறைக்கும் என்பதே ஐரோப்பியப் பயணிக்குச் சொல்லப்பட்ட செய்தி.

பாரிஸில் நகராமல் நின்ற வண்டி

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நாகல்மாக்கர் நிறுவிய பன்னாட்டுப் படுக்கைப்பெட்டி நிறுவனம் 1883இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வண்டியைத் தொடங்கிப் புகழ்பெற்றது. வாகோன்-லி என அறியப்பட்ட இந்நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ரஷ்ய அரசுடன் உடன்பாடு கண்டு சைபீரியப் பாதையிலும் நுழைந்தது. பாதை முழுமையாக முடியும் முன்பே, 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அப்பயணம் காட்சிப்பொருளாக்கப்பட்டது.

அக்காட்சியின் அமைப்பு கவனத்துக்குரியது. உண்மையான சொகுசுப் பெட்டிகள் அசையாமல் நிறுத்தப்பட்டிருந்தன. பார்வையாளர் அவற்றுள் அமர, சாளரத்துக்கு வெளியே நான்கு அடுக்குகளாகக் காட்சிகள் நகர்ந்தன. அருகிலிருந்த அடுக்கில் மணலும் கற்களும் விரைந்தோடின. அடுத்தடுத்த அடுக்குகள் படிப்படியாக வேகம் குறைந்தன. கடைசி அடுக்கில் தீட்டப்பெற்ற மலைகளும் காடுகளும் நகரங்களும் மெல்ல ஊர்ந்தன. ஓடும் வண்டியிலிருந்து காண்போர்க்கு அண்மைப் பொருள் விரைவாகவும் சேய்மைப் பொருள் மெதுவாகவும் நகர்வதாகத் தோன்றும் இயல்பை இது அப்படியே பின்பற்றியது. மாஸ்கோவில் தொடங்கும் கற்பனைப் பயணம் முக்கால் மணி நேரத்தில் பீக்கிங்கில் முடிந்தது. அதே பொருட்காட்சிக்கு மருத்துவரும் ஓவியருமான பாவெல் பியாசேத்ஸ்கி பாதை நெடுகத் தீட்டிய நீர்வண்ண ஓவியச் சுருளும் அனுப்பப்பட்டது. மேலும், ரஷ்யப் போக்குவரத்து அமைச்சகம் அதே ஆண்டில் வெளியிட்ட விரிவான பயண வழிகாட்டி நூல் ஆங்கிலம் உள்ளிட்ட மேலை மொழிகளிலும் வெளிவந்தது.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாரிஸ் காட்சியில் பயணி நிலையாக இருக்கிறார். நாடு அவர்முன் கடந்து செல்கிறது. நாட்டில் எதைத் தீட்டுவது, எதை விடுவது என்பது ஓவியரின் கையில் இருந்தது. அங்கே குடிபெயர்வோர் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. கைதிகள் பாதை அமைக்கவில்லை. சொகுசுப் பயணத்தின் அடிப்படை இலக்கணம் உண்மையான பயணத்துக்கு முன்பே பாரிஸில் வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

அலங்காரமும் அடித்தளமும்

காட்சியில் வழுவழுப்பாக ஓடிய பாதை களத்தில் அவ்வாறு இல்லை. செலவைக் குறைப்பதற்காக ஒற்றைத் தடமே அமைக்கப்பட்டது. மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோகிராம் எடையுள்ள மெலிந்த தண்டவாளங்கள் பயன்படுத்தப்பட்டன. அவற்றின்மீது கனமான வண்டிகளை விரைவாக ஓட்ட இயலாது. எனவே, மெத்தை இருக்கைகளும் உணவுப் பெட்டியும் நூலகமும் கொண்ட வண்டியும் மெதுவாகவே செல்ல வேண்டியிருந்தது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிடப் பக்கத் தடங்களில் காத்திருப்பதும் இயல்பாயிற்று.

பைக்கால் ஏரியில் பாதை முற்றாகவே அறுந்தது. ஏரியின் தென்கரைப் பாறைகளைக் குடைந்து பாதை அமைக்கும் பணி நீண்டதால், பனியுடைக்கும் இரு கப்பல்கள் இங்கிலாந்தில் வாங்கப்பட்டன. அவை பகுதி பகுதியாகக் கொண்டுவரப்பட்டு ஏரிக்கரையில் பொருத்தப்பட்டன. 'பைக்கால்' என்ற பெரிய கப்பல் தொடர்வண்டிப் பெட்டிகளையே சுமந்து சென்றது. 'அங்காரா' என்ற சிறிய கப்பல் பயணிகளை ஏற்றியது. 1904 பிப்ரவரியில் ஜப்பானுடன் போர் மூண்டபோது ஏரி உறைந்திருந்தது. பனிக்கட்டியின் மேலேயே தண்டவாளம் இடப்பட்டுப் பெட்டிகள் குதிரைகளால் இழுக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில்தான் கரைவழிப் பாதையில் வண்டிகள் செல்லத் தொடங்கின. பாதையின் கிழக்குப் பகுதி 1903 முதல் சீனாவின் மஞ்சூரியா வழியாகச் சென்றது. முற்றிலும் ரஷ்ய மண்ணிலேயே அமைந்த பாதை, கபரோவ்ஸ்க் அருகே அமூர் ஆற்றுப் பாலம் 1916இல் திறக்கப்பட்ட பிறகே நிறைவுற்றது. பாதை நிறைவடைந்தபோது முதல் உலகப் போரால் பன்னாட்டுச் சொகுசு வண்டிகளின் காலம் முடிந்திருந்தது.

பாதை தேர்ந்த நகரங்கள்

சொகுசு வண்டிகள் காட்டும் 'வரலாற்று நகரங்கள்' அவற்றின் பழமையால் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அவை பாதையில் அமைந்திருப்பதே முதல் தகுதி. பாதை மாறியபோது அப்பட்டியலும் மாறியது.

1900ஆம் ஆண்டளவில் மாஸ்கோவிலிருந்து புறப்பட்ட சைபீரிய விரைவு வண்டி சமாரா, ஊஃபா, ஸ்லதவூஸ்த், செல்யாபின்ஸ்க் வழியாகவே யூரல் மலையைக் கடந்தது. இன்றைய சொகுசுப் பயணத் திட்டங்களில் முதன்மை பெறும் கசானும் யெகாத்தரின்பூர்க்கும் அவ்வழியில் இல்லை. 1552இல் நான்காம் இவானால் கைப்பற்றப்பட்ட கசானின் கோட்டையும், 1723இல் நிறுவப்பட்ட யெகாத்தரின்பூர்க்கின் உலோகத் தொழிற்பெருமையும் அன்றும் இருந்தன. ஆனால் அவ்விரு நகரங்களையும் நேரடியாக இணைக்கும் பாதை உள்நாட்டுப் போர்க்காலத்தை ஒட்டியே நிறைவேறியது. அதன்பின்தான் அவை ஒரே பயணத்தின் அடுத்தடுத்த நிறுத்தங்களாக ஆயின.

தோம்ஸ்க் நகரின் கதை இதனினும் தெளிவானது. 1604இல் நிறுவப்பட்ட அந்நகரம் மாகாணத் தலைநகராகவும், 1888இல் திறக்கப்பட்ட சைபீரியாவின் முதற் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாகவும் விளங்கியது. எனினும் முதன்மைப் பாதை அதனைத் தொடாமல் தெற்கே சென்றது. வணிகர்கள் கையூட்டுத் தர மறுத்ததால் பொறியாளர்கள் நகரைப் புறக்கணித்தனர் என்றொரு கதை வழங்குகிறது. ஆனால் இம்முடிவு பொறியியல் சார்ந்தது. ஓப் ஆற்றின் மீது பாலம் அமைக்க, ஆறு குறுகியும் படுகை பாறையாகவும் அமைந்த இடம் தேவைப்பட்டது. பொறியாளரும் எழுத்தாளருமான நிக்கொலாய் கரின்-மிகாய்லோவ்ஸ்கியின் அளவைக்குழு கிரிவஷியோக்கவோ சிற்றூரின் அருகே அத்தகைய இடத்தைக் கண்டது. 1893இல் பாலப் பணியாளர்களின் குடியிருப்பாகத் தோன்றிய ஊர் 1903இல் நகரத் தகுதி பெற்றது. 1926இல் நோவசிபீர்ஸ்க் எனப் பெயர் மாறியது. இன்று அது பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுடன் ரஷ்யாவின் மூன்றாவது பெரிய நகரமாக விளங்குகிறது. தோம்ஸ்க்கோ 1896இல் கிடைத்த கிளைப் பாதையுடன் நின்றது.

இதன் விளைவு முரணானது. முந்நூறாண்டுப் பழமையுடைய நகரம் சொகுசு வண்டியின் முதன்மை வழிக்கு வெளியே நிற்க, அப்பாதையாலேயே பிறந்த நகரம் நிறுத்தமாகிறது. கிளைப் பாதையில் ஒதுங்கியதால் தோம்ஸ்க்கின் நுணுக்கமான மரவேலைப்பாடுள்ள இல்லங்கள் பல எஞ்சின எனக் கருதவும் இடமுண்டு. விடுபடுதல் ஒரு நகரின் இழப்பாகவும் அதே வேளையில் அதன் காப்பாகவும் அமையலாம் என்பதை இது உணர்த்துகிறது.

ஒரே தண்டவாளம், வேறு பயணிகள்

சொகுசு வண்டி சென்ற பாதையில் அதனினும் பன்மடங்கு மிகுதியானோர் வேறு வண்டிகளில் சென்றனர். 1906க்கும் 1914க்கும் இடையே மட்டும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் யூரலைக் கடந்து குடிபெயர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நிலம் வாய்க்காமல் திரும்பினர். செல்யாபின்ஸ்கில் அமைந்த குடிபெயர்வோர் நிலையம் அவர்களின் வாயிலாக இருந்தது. சமாரா வழியே வந்த சொகுசு வண்டியும் அதே நகரைக் கடந்தது. குடிபெயர்வோர் பலர் 'தெப்லூஷ்கா' என்ற கணப்படுப்புப் பொருத்திய சரக்குப் பெட்டிகளில் சென்றனர். நாற்பது மனிதர் அல்லது எட்டுக் குதிரைகள் என்பது அப்பெட்டிகளில் எழுதப்பட்டிருந்த கொள்ளளவாகும்.

பிரதமர் ஸ்தலீப்பின் காலத்தில் உழவர் குடும்பமும் அதன் கால்நடையும் சேர்ந்து செல்வதற்கான தனிப்பெட்டிகள் உருவாக்கப்பட்டன. மக்கள் அவற்றை 'ஸ்தலீப்பின் பெட்டி' என அழைத்தனர். பின்னர் அதே பெயர் கைதிகளை ஏற்றிச்செல்லும் பெட்டிக்கு உரியதாயிற்று. நிலம் தேடிச் சென்றவனின் பெட்டி நாடுகடத்தப்பட்டவனின் பெட்டியாகப் பொருள் மாறிய இச்சொல் வரலாறே, பாதையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறது. 1937இல் தூரக்கிழக்கில் வாழ்ந்த ஏறக்குறைய 1,72,000 கொரிய மக்கள் இப்பாதை வழியே மத்திய ஆசியாவுக்குக் கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டனர். கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் இப்பாதையின் முடிவிடமான விளாதிவஸ்தோக்கின் அருகே இடைத்தங்கல் முகாமில் 1938 டிசம்பர் 27ஆம் நாள் உயிரிழந்தார்.

இவ்வரலாறு மறைக்கப்பட்டது என்று மட்டும் கூறிவிட்டு அமைதல் போதாது. இதில் அமைப்பு சார்ந்த ஒரு காரணமும் உண்டு. குடிபெயர்வும் நாடுகடத்தலும் ஓட்டத்தில் நிகழ்பவை. அவற்றுக்குக் கோபுரமோ அரண்மனையோ இல்லை. இறங்கிக் காண ஓரிடம் அரிதாகவே எஞ்சுகிறது. பயணத்திட்டமோ இறங்கிக் காணத்தக்க இடங்களால் ஆனது. ஆகவே, பாதையின் முதன்மையான வரலாறு, பயணத்திட்டத்தின் வடிவத்தாலேயே அதற்கு வெளியே தள்ளப்படுகிறது.

பேரரசரின் கடைசிப் பயணம்

இவ்விரு வரலாறுகளும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்தன. அடிக்கல் நாட்டிய இளவரசர் இரண்டாம் நிக்கொலாஸ் எனப் பேரரசரானார். 1917 மார்ச் 15ஆம் நாள் ப்ஸ்கோவ் நகரில் தம் அரசத் தொடர்வண்டியிலேயே அவர் முடிதுறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் குடும்பத்துடன் தொடர்வண்டியில் த்யுமேன் வரை கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து ஆற்றுக்கப்பலில் தொபோல்ஸ்க் சேர்க்கப்பட்டார்.

கப்பல் தேவைப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1587இல் நிறுவப்பட்டு நெடுங்காலம் சைபீரியாவின் ஆட்சி, சமயத் தலைமையிடமாக விளங்கிய தொபோல்ஸ்க்கையும் பெருவழிப் பாதை தொடவில்லை. தொடர்வண்டி அந்நகரை எட்டியது 1960களில்தான். 1918 ஏப்ரலில் நிக்கொலாஸை அங்கிருந்து அகற்றியபோது ஆற்றில் கப்பல் செல்ல இயலாத பருவம். சைபீரிய இருப்புப்பாதைக் குழுவின் முன்னாள் தலைவர் குதிரை வண்டியில் உருகும் பனிச்சேற்றைக் கடந்து த்யுமேனை அடைந்த பின்பே தொடர்வண்டி ஏற முடிந்தது. அவ்வண்டி அவரை யெகாத்தரின்பூர்க்கில் சேர்த்தது. அங்கு இப்பாத்தியேவ் இல்லத்தில் 1918 ஜூலை 17ஆம் நாள் அவரும் குடும்பத்தினரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நினைவுக்கு ஒரு கட்டடம் கிடைத்தால் அது நிறுத்தமாகிவிடுகிறது என்பதற்கும் இவ்விடமே சான்று. சோவியத் அரசு 1977இல் அவ்வில்லத்தை இடித்தது. அதே இடத்தில் எழுப்பப்பட்ட தேவாலயம் 2003இல் திறக்கப்பட்டது. இன்று யெகாத்தரின்பூர்க்கில் இறங்கும் பயணி தவறாமல் அழைத்துச் செல்லப்படும் இடம் அது. அரச குடும்பத்தின் துயரம் இடம்பெற்றது; அதே பாதையில் சென்ற இலட்சக்கணக்கானோரின் துயரம் இடமின்றி நிற்கிறது.

மீண்டும் வந்த சொகுசு

சோவியத் காலத்தில் விளாதிவஸ்தோக் அயல்நாட்டினர்க்கு மூடப்பட்ட நகராக இருந்தது, 1992இல்தான் திறக்கப்பட்டது. 2007இல் பிரித்தானியப் பயண நிறுவனம் ஒன்று 'கோல்டன் ஈகிள்' என்ற தனியார் சொகுசு வண்டியை மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை தொடங்கியது. கசான், யெகாத்தரின்பூர்க், நோவசிபீர்ஸ்க், இர்கூத்ஸ்க், பைக்கால், உலான் உதே ஆகியவை அதன் நிறுத்தங்களாயின. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து அந்நிறுவனம் ரஷ்யப் பயணங்களை நிறுத்தியது. முதலாவது பன்னாட்டுச் சொகுசு வண்டியைப் போலவே இதுவும் போரால் நின்றது என்பது நோக்கத்தக்கது.

இவ்வண்டிகள் வரலாற்றை முற்றிலும் மெழுகிவிடுகின்றன எனக் கொள்வதும் பொருந்தாது. கசான் கோட்டைக்குள் 1552 வெற்றிக்குப் பின் எழுந்த தேவாலயமும், அப்போரில் நகரைக் காத்து மடிந்த இமாமின் பெயரால் 2005இல் திறக்கப்பட்ட குல் ஷரீஃப் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. இர்கூத்ஸ்கில், 1825ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்காக நாடுகடத்தப்பட்ட திசம்பரியர்களான வல்கோன்ஸ்கி, துருபெத்ஸ்கோய் ஆகியோரின் பெயரால் அமைந்த இல்லங்கள் அருங்காட்சியகங்களாக உள்ளன. முரண்பட்ட நினைவுகளையும் ஒடுக்குமுறையின் வரலாற்றையும் பயணி காணவே செய்கிறார். ஆனால் அவை இடமும் கட்டடமும் பெற்ற நினைவுகள். திசம்பரியரைப் பொறுத்தவரை, உயர்குடியினரின் நாடுகடத்தல்.

நேரமும் இத்தேர்வின் ஒரு கூறாக இருந்தது. பேரரசின் காலத்தில் பாதை முழுவதும் பீட்டர்ஸ்பர்க் நேரமே தொடர்வண்டி நேரமாக இருந்தது. பின்னர் மாஸ்கோ நேரம் அவ்விடத்தைப் பெற்றது. விளாதிவஸ்தோக் நிலையத்தில் வெளியே மாலையாகும்போது கடிகாரம் தலைநகரின் நண்பகலைக் காட்டியது. 2018 ஆகஸ்ட் 1 முதலே நிலையங்களிலும் பயணச்சீட்டுகளிலும் உள்ளூர் நேரம் இடம்பெற்றது. அதுவரை பயணி எந்நகரில் இறங்கினாலும் தலைநகரின் நேரத்திலேயே இறங்கினார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சைபீரியப் பெருவழியின் 'வரலாற்று நகரங்கள்' என்ற பட்டியல் பழமையின் பட்டியலன்று. ஆற்றுப்படுகையும் பாலமும் இணைப்புப் பாதைகளும் தீர்மானித்த பட்டியல். தோம்ஸ்க்கும் தொபோல்ஸ்க்கும் இதற்குச் சான்று. இரண்டாவதாக, சாளரத்தின் வழியே நாட்டைக் காட்சியாக்கும் முறை 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிலேயே உருப்பெற்றுவிட்டது. பின்வந்த சொகுசு வண்டிகள் அம்முறையையே தொடர்ந்தன. மூன்றாவதாக, குடிபெயர்வோர், கைதிகள், நாடுகடத்தப்பட்டோர் ஆகியோரின் வரலாறு ஓட்டத்தில் நிகழ்ந்தமையால், நிறுத்தங்களால் அமைந்த பயணத்திட்டத்தில் அதற்கு இயல்பான இடம் வாய்ப்பதில்லை.

எனவே பயணத்திட்டம், வழிகாட்டி நூல், கால அட்டவணை ஆகியவற்றை ஆராய்வோர் அவை குறிப்பிடும் ஊர்களோடு நின்றுவிடாமல், அவ்வூர்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையிலான 9,288 கிலோமீட்டரில் சொகுசு வண்டி நிற்கும் இடங்கள் சிலவே. எஞ்சிய தொலைவு முழுவதும் அதே தண்டவாளத்தில் சென்று, அப்பாதையைத் தம் வாழ்வால் அறிந்தவர்களின் வரலாறாகும்.